நிலப்படத்தில் நீந்தும் விலங்குகள்

எக்கியார்குப்பத்துப் பிள்ளைகள் பயிலும் வகுப்பு ஒன்றில், சென்ற பருவத்தின்போது, ஊர்ப்படம் வரையச் சொன்னோம். மேற்கே சாலையும் உப்பளமும், கிழக்கே கடலும், இடையே வீடுகளும் வரவேண்டும் என்று மட்டுமே கூறினோம். மற்றவற்றை அவர்தம் கைக்கும் கண்ணுக்கும் விட்டுவிட்டோம். வந்த படங்களுள் இரண்டு இன்னும் நம் மேசையைவிட்டு அகலவில்லை.

ஒன்று ஒரு மாணவன் வரைந்தது. கரை மணலில் ஓர் ஆமை. அதன் பக்கத்தில் ‘தை முதல் பங்குனி வரை’ என்னும் குறிப்பு. கடலுக்குள் சற்றுத் தொலைவில் ஒரு வட்டம். ‘வலை கிழிக்கும் பாறை’ என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தான். மற்றொன்று ஒரு மாணவி வரைந்தது. வீடும் படகும் வலையும் வரிசையாய் வந்தபின், கடலின் கடைக்கோடியில், தாளின் ஓரத்தை ஒட்டி, ஐந்தலைப் பாம்பு ஒன்று வாய் பிளந்து நின்றது.

“என்னம்மா இது?” என்று கேட்டோம்.

“அதுக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு தெரியாது சார். அதான் பாம்பு போட்டேன்” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. உலகின் பெரும் பெரும் நிலப்படங்களை வரைந்த அறிஞர்களுள் பலர், அந்தச் சிறுமி கூறிய காரணத்திற்காகவே பாம்பு வரைந்தனர். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். தெரியாததால் வரைந்தேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பண்டை நிலப்படங்களின் எழிலை வியந்து பேசுவோர் இன்று மிகுந்துள்ளனர். அவற்றின் படிகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோரும் உண்டு. கடற்பாம்பையும் கொம்புமீனையும் குதிரைத்தலைத் திமிங்கிலத்தையும் காட்டி, ‘இவையெல்லாம் வெறும் ஒப்பனை. கலைக்கண் கொண்டு காணுங்கள். கணக்குப் பார்க்காதீர்கள்’ என்பர். காண்போம், கலைக்கண் கொண்டே காண்போம். ஆனால் ஒப்பனை என்பதற்காக அதனை உரைத்துப் பார்க்கலாகாது என்றால், அதனை ஏற்பதற்கில்லை. கோயில் தூணில் யாளி நின்றால் அதை நம்பி எவரும் காட்டில் யாளியைத் தேடிச் செல்வதில்லை. நிலப்படம் அத்தகையதன்று. ‘இங்கே இது இருக்கின்றது’ என்று உறுதி கூறுவதே நிலப்படத்தின் தொழில். உறுதி கூறும் தாளில் உறுதியற்றதை எழுதினால் அது ஒப்பனையோடு நிற்பதில்லை, சான்றாகி விடுகின்றது.

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு நகரப் பெருங்கோயிலில், ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டில் ஒரே கன்றுத்தோலின்மீது தீட்டப்பெற்ற உலகப்படம் ஒன்று இருக்கின்றது. அதில் கிழக்கு மேற்புறமாக உள்ளது. நடுவில் எருசலேம், உச்சியில் ஏதேன் தோட்டம். இந்தியப் பகுதியில், முதுகில் கோட்டை சுமந்த யானை ஒன்று நிற்கின்றது. யானை மெய். ஆனால் அதே இந்தியாவில், தன் ஒற்றைப் பாதத்தையே குடையாக உயர்த்தி வெயிலை மறைத்துக்கொண்டு ஒற்றைக்காலன் ஒருவனும் இருக்கின்றான். நம் முன்னோருள் ஒருவராம் அவர்! கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் கிடீசியஸ் என்னும் கிரேக்கர், இந்தியாவை நேரிற் காணாமலே, பாரசீக அரண்மனையில் கேட்டதை வைத்து எழுதிய கதை இது. மெகஸ்தனிசும் இத்தகைய கதைகளைச் சேர்த்தார். உரோமரான பிளினி தம் நூலில் படியெடுத்தார். பின் வந்தோர் பிளினியைப் படியெடுத்தனர். பதினேழு நூற்றாண்டுகள் நடந்து அந்த ஒற்றைக்காலன் தோலில் ஏறினான். யானைக்கும் அவனுக்கும் ஒரே மை, ஒரே தூரிகை, ஒரே மதிப்பு. கண்டது எது, கேட்டது எது, கட்டியது எது என்று பிரித்தறிய அந்தத் தோலில் ஒரு கோடும் இல்லை. இதனையே நாம் குற்றம் என்கின்றோம்.

கடலுக்கு வருவோம். சுவீடன் நாட்டுப் பாதிரியார் ஒலாவுஸ் மாக்னுஸ் 1539-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளியிட்ட வடகடற்படம், இவ்வகைப் படங்களுக்கெல்லாம் தாய். மரக்கட்டையில் செதுக்கி ஒன்பது தாள்களில் அச்சிட்ட பெரும்படம். கப்பலைச் சுற்றிப் பிணைந்த செம்பாம்பு ஒருபுறம். துரத்திவரும் பேருயிர்களை அச்சுறுத்த எக்காளம் ஊதி, மரப்பீப்பாய்களை உருட்டிவிடும் மாலுமிகள் ஒருபுறம். திமிங்கிலத்தைத் தீவென்று மயங்கி, அதன் முதுகில் தீமூட்டிச் சமைப்போர் மற்றொருபுறம். கண்ணை ஈர்க்கும் படம் என்பதில் ஐயமில்லை. மீனவரிடம் கேட்டறிந்த உண்மைகள் பல அதில் உண்டு என்பதிலும் ஐயமில்லை. திமிங்கிலம் மெய், அது கப்பலுக்கு இடர் தரும் என்பதும் மெய். அந்த மெய்யின் தோளில் ஏறியே பொய்யும் பயணம் செய்தது.

பயணம் அத்தோடு நிற்கவில்லை. செபாஸ்டியன் மூன்ஸ்டர் 1544-ஆம் ஆண்டில் தொடங்கி வெளியிட்ட ‘காஸ்மோகிராபியா’ என்னும் உலக நூலில் அதே விலங்குகள் ஒரு தனிப்பட்டியலாய்த் தொகுக்கப்பட்டன. ஆபிரகாம் ஆர்டெலியஸ் 1590-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐசுலாந்துப் படத்தில் அவை மீண்டும் நீந்தின. அங்கே எழுத்து அடையாளமும் விளக்கக் குறிப்பும் வேறு பெற்றன. ஒருவர் எழுதினார், மற்றவர் எடுத்தார், மூன்றாமவர் முன்னிருவரையும் சான்று காட்டினார். மூன்று பேர் சொன்னால் மெய்யாகத்தானே இருக்க வேண்டும் என்று படித்தவன் நம்பினான். மூவரும் ஒருவரே என்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

நமக்கும் இது புதிதன்று. வடமொழியில் ‘திமி’ என்றொரு பெருமீன். அதை விழுங்குவது ‘திமிங்கிலம்’. அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது ‘திமிங்கிலகிலம்’. இவற்றுள் நடுவே நின்ற பெயரைத்தான் நாம் இன்று மெய்யான உயிர்க்கு வழங்குகின்றோம். ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருத்த இந்த மீன்களைப் போலத்தான், ஒரு நூலை மறுநூல் விழுங்கிக் கற்பனையும் பெருக்கின்றது.

‘அக்காலத்தார் அறியாமையில் செய்தனர், அதற்கு இத்தனை வழக்கா?’ என்று கேட்பர். இக்கேள்விக்கு விடை கூறவேண்டும். இப்பொருளை நுணுகி ஆய்ந்த செட் வான் டூசர், பிரித்தானிய நூலகம் 2013-இல் வெளியிட்ட தம் நூலில், இக்கடல் விலங்குகளுட் பல அக்காலத்து அறிவு நூல்கள் என மதிக்கப்பட்டவற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை என்று காட்டுகின்றார். எனவே வரைந்தோர் அனைவரையும் பொய்யர் என்று நாம் கூறவில்லை. நம்பி வரைந்தோர் உண்டு. அழகுக்கு வரைந்தோர் உண்டு. பொருள் மிகுதியாகத் தந்த செல்வர்க்காக விலங்கை மிகுதியாக்கியோரும் உண்டு. வெற்றிடம் கண்டால் கை பொறாமல் நிரப்பியோரும் உண்டு. ஆப்பிரிக்கப் படங்களில் ஊர்ப்பெயர் அறியாத இடமெல்லாம் யானையை நிறுத்துகின்றார்களே என்று ஆங்கில எழுத்தாளர் ஜோனதன் சுவிப்ட் 1733-இல் எள்ளி நகையாடினார். ஊர் இருந்தது, மக்கள் இருந்தனர், வரைந்தவன் அறியவில்லை. அறியவில்லை என்று எழுத நாணி யானையை நிறுத்தினான். யானை நின்ற இடத்தில் மக்கள் மறைந்தனர்.

இதுவும் போகட்டும், அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு விலங்கு மட்டும் அறியாமையால் வந்ததன்று. மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்னும் செருமானியர் 1516-இல் அச்சிட்ட கடற்படத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அருகே, கடிவாளமிட்ட பெரிய கடல் விலங்கின்மீது போர்ச்சுக்கல் மன்னர் மனுவேல் அமர்ந்து வருகின்றார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் கரையிறங்கி அப்போது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்செலவிற்கும் வாணிகத்திற்கும் தலைவர் என்று மனுவேல் தம்மைத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார். கடலில் அந்த விலங்கு இல்லை. ஆனால் அதன் முதுகில் ஏறிவந்த ஆட்சி இருந்தது. ‘கர்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டினைப் போர்ச்சுக்கீசியரிடம் பெறாத மரக்கலங்கள், நம் கடலிலேயே, நம் கரையின் முன்னேயே பறிக்கப்பட்டன. பன்னூறு ஆண்டுகளாகக் கலம் செலுத்தியவன் தன் கடலில் செல்ல அயலானிடம் சீட்டு வாங்கும் நிலை வந்தது. இது வெறும் ஒப்பனையா? எழுத்தில் எழுதினால் உரிமைக்கோரிக்கை என்போம். விலங்காக வரைந்தால் அழகு என்று கைதட்டுவதா?

மேனாட்டாரைக் குறைகூறி நம் வீட்டுக் குப்பையைத் துணியிட்டு மூடுதல் நேர்மையன்று. நம் புராணங்கள் வரைந்த உலகத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் சொல்லால் வரைந்த படம். ஏழு தீவுகள், ஏழு கடல்கள். உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஒன்றைச் சுற்றி ஒன்றாய் வளைந்த கடல்கள். நிலத்தைத் தாங்க ஆயிரந்தலைப் பாம்பு. எட்டுத் திசைக்கும் எட்டு யானைகள். இந்த ஏழனுள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி அறிந்த கடல் ஒன்றே. வெயிலில் நின்று, கால் வெடிக்க, பாத்தி கட்டிக் காய்ச்சி, அது உப்புக் கடல்தான் என்று ஒவ்வொரு கோடையிலும் அவன் மெய்ப்பிக்கின்றான். பாற்கடலைப் பாத்திகட்டிக் காய்ச்சியவர் எவர்? நெய்க்கடலில் வலைவீசி மீண்டவர் எவர்? கண்ட கடல் ஒன்றைக் காட்டிக் காணாத கடல் ஆறினையும் விற்றனர். ஒலாவுசின் திமிங்கிலம் கடற்பாம்பைத் தோளில் சுமந்த அதே முறை அன்றோ இது?

சொல்லோடு நில்லாமல் துணியில் தீட்டிய படங்களும் உண்டு. மாந்தர் வாழும் ‘இரண்டரைத் தீவு’ என்று சமணர் கொண்ட உலகத்தை, குசராத்திலும் இராசத்தானத்திலும் பதினைந்தாம் நூற்றாண்டு முதற்கொண்டு பெருந்துணிகளில் தீட்டினர். வட்டவட்டமாய்ச் சூழ்ந்த கடல்களில் மீனும் விலங்கும் நீந்துவோரும் நிறைந்திருப்பதை இன்றும் அருங்காட்சியகங்களிற் காணலாம். வண்ணத்தை நாம் பழிக்கவில்லை. வண்ணத்தில் மயங்கி வட்டத்தை உலகென்று கொள்ளவேண்டா என்றே கூறுகின்றோம்.

1835-ஆம் ஆண்டில் மெக்காலே தம் கல்விக் குறிப்பில் நம் புராண நிலநூலின் இனிப்புக் கடலையும் வெண்ணெய்க் கடலையும் சுட்டி ஏளனம் செய்தார். அதற்குச் சினந்து, அவை உட்பொருள் உடையவை என்று உரைவகுக்கப் புறப்பட்டோர் பலர். நமக்குச் சினமும் இல்லை. உட்பொருள் தேடும் வேலையும் இல்லை. அவர் நாட்டுத் தேவாலயத்திலும் ஒற்றைக்காலன் குடை பிடிக்கின்றான் என்பதை அவர்க்கு நினைவூட்டினால் போதும். மடமைக்கு நாட்டெல்லை கிடையாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. அவர்கள் திருத்திக்கொண்டார்கள். பிரெஞ்சு நாட்டு டான்வில் 1749-இல் ஆப்பிரிக்கப் படத்தை வெளியிட்டபோது, உறுதியற்றவற்றையெல்லாம் துடைத்தெறிந்து, அறியாத உள்நாட்டை வெற்றிடமாகவே விட்டார். விலங்குகள் விடைபெற்றன. ‘அறியேன்’ என்னும் சொல்லை வெள்ளைத்தாளால் எழுதிக்காட்டினார் எனலாம். இந்தியப் படத்தையும் அதே கட்டுப்பாட்டோடு 1752-இல் வரைந்தார். நம் புராணப் படத்திலோ ஒரு கடல்கூட இன்றளவும் வற்றவில்லை. பாற்கடலைத் துடைக்க எவரும் துணியவில்லை; துணிந்தவரை நாத்திகர் என்றனர். தவறு செய்தல் எல்லா மக்களுக்கும் பொது. தவற்றைத் தெய்வமாக்குதலே நாட்டைத் தாழ்த்துவது.

இனி, நம் கரைக்கு வருவோம். விலங்கைப் பற்றிப் பேசுவதற்கு மரக்காணக் கரையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பதை இப்போது காட்டுவோம்.

ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் நூல் இக்கரையின் துறைகளுள் ஒன்றாகச் ‘சோபட்மா’வைக் கூறுகின்றது. அஃது எயிற்பட்டினமே, எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அந்நூலில் நம் கரையைப் பற்றி வருவன துறை, கலம், சரக்கு. விலங்குமுகம் கொண்டார் எவருமிலர். கங்கைக் கரையை நெருங்கும் பகுதியிலேதான் குதிரைமுகத்தார், நீள்முகத்தார் என்னும் கூட்டத்தார் தலைகாட்டுகின்றனர். அவர்கள் மனிதரைத் தின்பவர் எனச் சொல்லப்படுகின்றது என்று எழுதுகின்றார் ஆசிரியர். ‘எனச் சொல்லப்படுகின்றது’ என்பதைக் கவனியுங்கள். வாணிகம் நடந்த இடத்தில் மனித முகம். வாணிகம் எட்டாத இடத்தில் குதிரை முகம். அறிவு நின்ற இடத்தில் விலங்கு தொடங்குகின்றது. எனினும் தாம் கேட்டது இது என்று காட்ட ஒரு சொல்லையேனும் அந்த மாலுமி வைத்தார்.

அதே எயிற்பட்டினத்தை நம் சிறுபாணாற்றுப்படையும் பாடுகின்றது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் புகழ்ந்து நத்தத்தனார் பாடியது. அந்நூலில் எயிற்பட்டினக் கடற்கரையில் ஒரு விலங்கு படுத்திருக்கின்றது. எந்த விலங்கு? ஒட்டகம்! நெய்தல் மணலில் ஒட்டகம் துயில்கின்றதா? இல்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் கிடக்கின்றன. அவை ஒட்டகம் உறங்கினாற்போலத் தோன்றுகின்றன என்பதே புலவர் வாக்கு. போலத் தோன்றியதைப் போல என்றே சொன்னார். ‘அன்ன’ என்னும் ஓர் உவம உருபினை இடையில் வைத்தார். அத்தோடும் விடவில்லை. அக்கட்டையையே விறகாக்கி அடுப்பெரிக்கின்றாள் அவ்வூர் நுளைமகள். ஒட்டகமாய்க் கண்ணை மயக்கியது விறகாய்க் கைக்கு வந்துவிட்டது. கற்பனையும் கெடவில்லை, உண்மையும் கெடவில்லை. உப்பு வணிகரோடு வண்டியில் வந்த குரங்கு அவர்தம் குழந்தைகளோடு விளையாடுவதையும் அதே பாட்டில் காண்கின்றோம். குரங்கு குரங்காகவே வருகின்றது, வாலில் தீ இல்லை, கடலைத் தாண்டவுமில்லை.

நாம் கூற விரும்புவது முழுவதும் இந்த ‘அன்ன’ என்னும் சொல்லில் அடங்கும். கற்பனை தவறன்று. கற்பனையில்லாத மொழி உப்பில்லாத சோறு. தன்னைக் கற்பனை என்று அறிவிக்காத கற்பனையே தவறு. உவமை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் விருந்தினன். ‘அன்ன’ என்பதை மறைத்து வரும் கற்பனையோ வேலியேறிக் குதிக்கும் கள்வன். ஒலாவுசின் கடற்பாம்பு, மனுவேலின் குதிரைமீன், எட்டுத் திசை யானைகள் ஆகிய எல்லாம் இந்த உருபினை விழுங்கிவிட்டு வந்தவை.

இதைக் கூறித் தமிழர் மட்டுமே தவறாதவர் என்று மார்தட்ட நாம் முற்படவில்லை. அதே சங்க நூல்களில் பறையொலி கேட்டு மடியும் அசுணம் என்னும் உயிர் இருக்கின்றது. யானையைக் கொல்லும் ஆளி இருக்கின்றது. பிற்காலத்தில் பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை வந்து நூல்தோறும் கூடுகட்டிக்கொண்டது. பறவையியல் அறிந்த காலத்திலும் அந்தப் பறவையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மைபோலக் கற்பிப்போர் உளர். அன்னத்தைக் காத்தோம், ‘அன்ன’வைக் கைவிட்டோம். நம் இழப்பு அதில்தான் தொடங்கிற்று. பட்டினப்பாலையில் பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டனர் என்னும் செய்தி உண்டு. வழிபாடு நம் கொள்கைக்கு உடன்பாடன்று. ஆயினும் அக்கொம்பு அவர்கள் தொட்டறிந்த கொம்பு. வாள்போன்ற மூக்குடைய வேளா மீன் கடலில் மெய்யாகவே இருந்தது. அதே மீனைக் கேள்வியால் மட்டும் அறிந்த ஐரோப்பிய விலங்கு நூல்கள், சிறகு முளைத்துக் கப்பலைத் துரத்தும் விலங்காக அதனை ஆக்கின. வலையில் அதனைக் கண்டவன் வாளை மட்டுமே கண்டான். ஏட்டில் கண்டவன் சிறகையும் கண்டான்! மெய்யான வேளாவோ இன்று அழியும் நிலையில் உள்ளது. 2001-இல்தான் சட்டம் அதனைக் காக்க முன்வந்தது.

விலங்குகள் விடைபெற்றபின் நிலப்படங்கள் நேர்மையாகிவிட்டனவா? சேம்ஸ் இரென்னல் 1782-இல் வெளியிட்ட ‘இந்துஸ்தான்’ படத்தைக் காண்போம். அளந்து எழுதிய படம். கடற்பாம்பு கிடையாது. ஆனால் ஓரத்துச் சித்திரத்தில் பிரித்தானியத் தாய் நிற்கின்றாள். பார்ப்பனப் பண்டிதர் இந்துக்களின் புனித நூல்களை அவள் காப்பில் ஒப்படைக்கின்றனர். இஃது இரென்னலே தந்த விளக்கம். நாட்டின் நிலப்படத்தில் நாட்டு மக்களுக்குப் பேராள் யார்? உழவன் இல்லை, நெசவாளி இல்லை, உப்பு விளைவிப்பவன் இல்லை, கடலோடி இல்லை. ஏடு வைத்திருந்தவன் நாட்டை ஏட்டோடு ஒப்படைத்துவிட்டான்! வந்தவனும் அவனிடமே வாங்கிக்கொண்டான். கடலிலிருந்து விரட்டப்பட்ட கற்பனை ஓரத்துச் சித்திரத்தில் ஒதுங்கிக் கொண்டது. மனுவேல் மீன்மேல் வந்தார். பிரித்தானியா ஏட்டின்மேல் வந்தாள். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1802-இல், பரங்கிமலை அருகே இலாம்டன் சங்கிலி இட்டு அடிக்கோடு அளந்து, நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அளவை பிழையற்றது. அளந்தது யாருக்காக என்பதே கேள்வி.

அக்கேள்வி இன்றும் முடியவில்லை. விண்ணில் சுழலும் கோள்கள் நம் கடற்கரையின் ஒவ்வோர் அடியையும் படமெடுக்கின்றன. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 2011-இல் வந்தது. புதியது 2019-இல் வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை ஊரகக் கரையில் கட்டடம் எழுப்பத் தடை என்றது முன்னது. 2011 கணக்கெடுப்பின்படி சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் அத்தொலைவை 50 மீட்டராகக் குறைத்தது பின்னது. எனவே படத்திலுள்ள ஒரு கோடு, மீனவர் வீடு நிற்குமா நில்லாதா என்பதை முடிவு செய்கின்றது. பெருமுதலாளியின் விடுதி வருமா வாராதா என்பதையும் முடிவு செய்கின்றது. இத்துணை வலிமையுள்ள படங்களின் வரைவுகள் தமிழ்நாட்டில் கருத்துக் கேட்புக்கு 2023-இல் வைக்கப்பட்டபோது, மீனவர் ஊர்களும், படகு நிறுத்தும் இடங்களும், வலை உலர்த்தும் மணலும் அவற்றில் விடுபட்டுள்ளன என்று மீனவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

பண்டைப் படம் ஊர் அறியாத இடத்தில் யானையை நிறுத்தியது. இன்றைப் படம் ஊர் இருக்கும் இடத்தில் வெறுமணலை நிறுத்துகின்றது. முன்னது இல்லாததை இருப்பதாகக் கூறிய பொய். பின்னது இருப்பதை இல்லாததாகக் கூறும் பொய். டான்வில் விட்ட வெற்றிடம் ‘அறியேன்’ என்றது. வரைவுப் படத்தின் வெற்றிடம் ‘எவருமில்லை’ என்கின்றது. இரண்டும் ஒரே வெள்ளைதான். ஒன்று அடக்கம், மற்றொன்று அபகரிப்பு. கடற்பாம்பையேனும் கண்டு அஞ்சலாம், நகைக்கலாம். இந்த வெற்றிடத்திற்குத் தலையில்லை, வாலில்லை. வாய் மட்டும் உண்டு. மனுவேலின் விலங்குக்குப் பின் கடலில் வந்த மிகப்பெரிய விலங்கு இதுவே.

இதற்கு மருந்து என்ன? மரக்காணத்துக் கரையில் கடலோடும் பெரியவர் ஒருவரிடம் இப்படங்களைப் பற்றிப் பேசினோம். கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் நேர்வைத்து நடுக்கடலில் இடமறிபவர் அவர். “தெரியாததைத் தெரியும்னு சொல்றவனைப் படகுல ஏத்த மாட்டோம் தம்பி. அவனும் சாவான், நம்மளையும் சாவடிப்பான்” என்றார். நிலப்படக் கலைக்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை நாம் எந்நூலிலும் படித்ததில்லை. அலுவலகத்து மேசையில் கோடு போடுவோர், அவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு கோடு போடட்டும். ஆமை முட்டையிடும் மணலும், வலை கிழிக்கும் பாறையும், படகு ஏற்றும் துறையும் எங்கே என்று பள்ளிப் பிள்ளையே குறித்துக் கொடுக்கின்றான். விலங்கு வேண்டுமாயின் அந்த ஆமையை வரையட்டும். மாதமும் இடமும் குறித்த ஆமை அது. எவருடைய ஆட்சியையும் முதுகில் சுமந்து வரவில்லை.

கலையை வியப்போர்க்கும் ஒரு சொல். பழம்படங்களை எரிக்கச் சொல்பவர் அல்லர் நாம். அவற்றைச் சுவரில் மாட்டுக, பிள்ளைகளுக்குக் காட்டுக. காட்டும்போது, இது மெய், இது கேள்வி, இது புனைவு, இது பேராசை என்று விரல்வைத்துக் காட்டுக. ஆராய்ந்து சுவைப்பதே சுவை. ஆராயாமல் சுவைப்பது போதை.

ஐந்தலைப் பாம்பு வரைந்த மாணவியிடம் படத்தைத் திருப்பித் தந்து, ‘அழிக்க வேண்டா, உண்மையை மட்டும் எழுது’ என்றோம். மறுநாள் கொண்டுவந்தாள். பாம்பு இருந்தது, ஐந்து தலையும் இருந்தன. அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இந்த இடம் எனக்குத் தெரியாது. பாம்பு சும்மா.’

கன்றுத்தோலில் உலகம் வரைந்தோரும், கடவுள் பெயரால் கடல் ஏழு வரைந்தோரும், கணிப்பொறியில் கரை வரைவோரும் எழுதத் துணியாத வரி அது. அதனை எழுதிவிட்டாள் எக்கியார்குப்பத்துச் சிறுமி. நாடும் எழுதக் கற்கட்டும்!